மச்சான் பேரில் ஒரு ஃபைல்

"அண்ணாச்சி, இந்த ஹார்ட் டிஸ்க்கெல்லாம் உங்க கடையிலதான் ஓடும்னு சொன்னாங்க" என்று அந்தப் பெண் மேஜைமேல் மஞ்சள் பையைக் கவிழ்த்தபோது பாண்டித்துரையின் வாயில் பாதி உளுந்தவடை இருந்தது.

பையிலிருந்து நாற்பது ஃபிளாப்பியும் ஒரு குவியல் சிடியும் மூன்று ஹார்ட் டிஸ்க்கும் விழுந்தன. இருப்பதிலேயே இளைய டிஸ்க்குக்குப் பதினைந்து வயசாவது இருக்கும்.

தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள 'பாண்டி சிஸ்டம்ஸ்' இந்த மாதிரிக் கேசுகளுக்கென்றே இருக்கிற கடை. உப்புக்காற்றில் கீபோர்டு துருப்பிடித்த கப்பல் ஏஜென்ட்டுகளும், சிபியூவுக்குள் எலி குட்டி போட்டுவிட்ட உப்பளத்து ஆபீஸ்காரர்களும் வேறெங்கே போவார்கள்? பாண்டித்துரை ஒரு பழைய ஒயரைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர்.

"ஓட்டிரலாம்மா. யாரோட சாமான் இது?"

"யதிராஜன் சாரோடது. சைக்கியாட்ரி புரொஃபசர். முப்பத்தஞ்சு வருஷம் மெடிக்கல் காலேஜ்ல பாடம் எடுத்தாருல்லா, அவரு."

வடை தொண்டையிலேயே நின்றுவிட்டது. பாண்டித்துரை ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். போதவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தார்.

பெண்ணின் பெயர் ஷெர்லின். சொந்த ஊர் மணப்பாடு, வேலை சென்னையில், ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில். சங்கு குளிக்கிறவர்களின் தூக்கத்தைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி, மாணவர்களுக்கு எடுத்த பாடம், மெயில், சனிக்கிழமை கிளினிக்கில் பார்த்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேருடைய ஃபைல் என்று கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் புரொஃபசர் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டாராம். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறாள்.

"அப்ப... பேஷண்ட்டுங்க பேரெல்லாம்?" பாண்டித்துரை யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டார்.

"நூறு வருஷத்துக்குப் பூட்டிருவோம் அண்ணாச்சி. ஈ காக்கா பாக்க முடியாது."

பாண்டித்துரைக்கு மூச்சு வந்தது.

"பூட்டுறதுக்கு முன்னால ஆளுக்கொரு ரிஜிஸ்டர் தபால் மட்டும் போகும். 'நீங்க இன்ன வருஷம் சார்கிட்ட வைத்தியம் பாத்தீங்க, உங்க ஃபைலை நாங்க வச்சுக்கிடலாமா'ன்னு சம்மதம் கேட்டு. பட்டியல்ல என்ன பேரு, என்ன விலாசம் இருக்கோ அதுக்கு."

வந்த மூச்சு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

விஷயம் இதுதான். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் பாண்டித்துரைக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பசி போயிற்று. பிறகு ஒரு காரணமும் இல்லாமல் கடையில் உட்கார்ந்து அழுகை. மூன்று மாதம் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு யதிராஜன் கிளினிக்கில் போய் நின்றார். சீட்டுப் போடுகிறவர் துறைமுகத்துக்கே கேட்கிற குரலில், "பேரு?" என்றார். வரிசையில் பின்னால் தெரிந்த முகம் ஒன்று நின்றது. பாண்டித்துரை வாயில் பாண்டித்துரை வரவில்லை. மச்சான் வந்தார்.

"செந்தூர்வேல்."

"விலாசம்?"

ஒரு பொய் சொல்லி முடித்தவன் இரண்டாவதற்கு எங்கே போவான்? மச்சானுடைய கடை விலாசத்தையே சொல்லிவிட்டார். நம்பர் 417 என்று சீட்டு வந்தது.

நம் பக்கத்தில் மச்சானை எதற்கு வேண்டுமானாலும் இழுக்கலாம். கேலிக்கு இழுக்கலாம், சண்டைக்கு இழுக்கலாம், கல்யாண வீட்டில் வாழைமரம் கட்ட இழுக்கலாம். அந்த உரிமையில் வந்துவிட்டது. யதிராஜன் டாக்டர் எட்டு மாதத்தில் ஆளைத் தூக்கி நிறுத்திவிட்டார். பாண்டித்துரை தூங்கினார், சாப்பிட்டார், கடையைத் திறந்தார். கம்ப்யூட்டருக்குள் மட்டும், குணமான நோயாளியாக, செந்தூர்வேல் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் செந்தூர்வேல் அப்படி இழுபடுகிற மச்சான் இல்லை. பாண்டித்துரையின் மனைவி இசக்கிச்செல்வியின் அண்ணன். பத்துக் கடை தள்ளி கருப்பட்டி மொத்த வியாபாரம். வியாபாரிகள் சங்கச் செயலாளர். வாய் என்றால் கோயில் கொடை விழாவுக்குக் கட்டிய மைக்செட். அவர் காதில் காலையில் விழுந்த சங்கதி மதியத்துக்குள் பக்கத்துப் புதுக்கோட்டையைத் தாண்டி, சாயங்காலம் ஏரல் சந்தையில் நிற்கும். மனநல டாக்டரிடம் போகிற எவனுக்கும் அவர் வைத்திருந்த ஒரே பெயர் 'கிறுக்கன்'.

அப்பேர்ப்பட்டவர் கையில் போய், 'ஐயா, தாங்கள் மனநல சிகிச்சை பெற்றீர்கள்' என்று ஒரு தபால் விழுந்தால் என்ன ஆகும்? தோண்டுவார். துருவுவார். கண்டுபிடித்தும் விடுவார். அதற்கப்புறம் பாண்டித்துரை இந்தத் தெருவில் கடை திறந்தாற்போலத்தான்.

எனவே, அந்தத் தபால் போகக்கூடாது.

மறுநாள் ஷெர்லின் வந்ததும் பாண்டித்துரை துக்க வீட்டு முகத்தோடு சொன்னார். "பெரிய டிஸ்க்கு செத்துப்போச்சும்மா. ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த டிஸ்க்கில்தான் பெயர்ப்பட்டியல் இருந்தது. ஒயரை அவரே உருவிவிட்டிருந்தார்.

"ஐயையோ! சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று ஷெர்லின் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கத்திலிருந்து செந்தூர்வேல் வந்தார்.

"மாப்ள, யாரு வே அந்தப் பிள்ள? கிறுக்கு டாக்டரு டிஸ்க்கைத் தூக்கிட்டு வந்திருக்காளாம்லா?"

"ஆமா மச்சான். காப்பி எடுக்கணுமாம்."

"அதுல யாரு யாரு பேரு கெடக்கு?"

"நான் எதுக்கு மச்சான் அதைப் பாக்கேன்?"

"பாக்காதீரும். பாத்தா பாவம். அதை ஏன் வே இங்கன வச்சிருக்கீரு? தூக்கிக் கடல்ல போடும்."

சொல்லிவிட்டுப் போனவர் பதினோரு மணிக்கு ஒருமுறை வந்தார். நாலு மணிக்கு ஒருமுறை வந்தார். மறுநாள் கருப்பட்டி மிட்டாயோடு வந்தார். மச்சான் ஓசியில் மிட்டாய் கொடுத்து பாண்டித்துரை பார்த்ததில்லை. மோப்பம் பிடித்துவிட்டார் என்றே முடிவு கட்டினார்.

அதற்குள் ஷெர்லின் கேட்ட ஒரு வார்த்தைக்குப் பதிலாகப் புரொஃபசரே ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். எழுபத்தெட்டு வயது. நெற்றியில் ஒற்றைக் கோடு, கையில் குடை. பாண்டித்துரைக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார். பாண்டித்துரை மதர்போர்டைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கடைப்படியில் ஒரு காலை வைத்த செந்தூர்வேல், என்ன நினைத்தாரோ, "அடடா, லாரி வந்திருக்கும்லா" என்று திரும்பி ஓடினார். பாண்டித்துரை திருச்செந்தூர் முருகனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

புரொஃபசர் டிஸ்க்கைக் கையில் வாங்கி, அதன்மேல் விரலை வைத்தார்.

"இது சாகலை. பயந்துண்டிருக்கு, அவ்வளவுதான். பக்கத்துல யாராவது பேசாம உக்காந்தாப் போறும். தானே எழுந்துக்கும்."

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், அழுதுகொண்டிருந்த ஒருவனிடம் அவர் சொன்ன அதே வார்த்தை. பாண்டித்துரைக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷன் இல்லாவிட்டால் நான் ஏது, இவருடைய வாழ்நாள் உழைப்பையா செத்துப்போச்சு என்று சொன்னேன் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒயரைச் செருகினார். டிஸ்க் உறுமிக்கொண்டு எழுந்தது. ஷெர்லின் கை தட்டினாள்.

புரொஃபசர் எழுந்தபோது குனிந்து, பாண்டித்துரைக்கு மட்டும் கேட்கும்படி, "தூக்கமெல்லாம் நன்னா வரதா?" என்றார்.

"வருது சார்."

இரண்டு நாளாக வரவில்லை என்று சொல்லவில்லை.

ஷெர்லின் டிஸ்க்கை அப்படியே தன் லேப்டாப்பில் பிரதி எடுத்தாள். பிறகு, "சாரைப் பஸ் ஏத்திட்டு வந்துருதேன், இதைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். டிஸ்க் மேஜைமேல் இருந்தது. திருடன் கையில் சாவி.

பாண்டித்துரை திருடன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பட்டியலைத் திறந்தவர், ஊரார் ரகசியம் கண்ணில் படக்கூடாது என்று மானிட்டரில் மேலும் கீழும் காலண்டர் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு, நேரே 417-க்குப் போனார். செந்தூர்வேலை அழித்தார். வேறு பெயர் வேண்டுமே? அவசரத்துக்கு எதுவும் தோன்றவில்லை. எதிரே நின்ற மினிபஸ்ஸில் பாஞ்சாலங்குறிச்சி என்று போட்டிருந்தது. 'வீரபாண்டியன், கோட்டைத் தெரு, பாஞ்சாலங்குறிச்சி' என்று அடித்து மூடிவிட்டார். பிறகு ஒரு டீ சொல்லி, நிம்மதியாகக் குடித்தார்.

ஷெர்லின் வந்து டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு.

"என்னம்மா அது?"

"பிரதி எடுக்கும்போதே டிஸ்க்குக்கு ஒரு கைரேகை எடுத்து வச்சிருவோம் அண்ணாச்சி. உள்ள ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை மாறிரும்." அவள் நாலைந்து தட்டுத் தட்டினாள். "417-ஆம் நம்பர்ல கை பட்டிருக்கு. பாஞ்சாலங்குறிச்சில இருந்து வீரபாண்டியன்னு ஒருத்தரு இப்பத்தான் வைத்தியத்துக்கு வந்திருக்காரு."

பாண்டித்துரை டீ டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"யாருன்னு நான் கேக்க மாட்டேன். என் பிரதில அசல் பேரு பத்திரமா இருக்கு. ஆனா எங்க ரூல்படி, எந்தப் பேருல கை பட்டுருக்கோ அந்தப் பேருக்குத்தான் முதல் தபால் போகும், பின்னாலயே உள்ளூர் விலாசமெல்லாம். இன்னைக்கே ஆபீஸுக்குச் சொல்லிருதேன்."

அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் எங்கேயோ நடுவில் கிடந்தவரை இவரே தூக்கி வரிசையில் முதல் ஆளாக நிறுத்திவிட்டார்.

"சும்மா ஒரு சந்தேகம்மா. ஒருத்தரு வேற ஒருத்தரு பேரைக் கொடுத்திருந்தா?"

"சரி பண்ணிரலாமே! ரெண்டு பேரும் சேர்ந்து நோட்டரி முன்னால கையெழுத்துப் போட்டாப் போதும்."

போதுமாம். மச்சானையும் கூட்டிக்கொண்டு போய், இன்ன மாதிரி உங்களைப் பைத்தியக்கார டாக்டரிடம் சேர்த்துவிட்டேன், இந்த இடத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்க வேண்டுமாம். நேராகச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். உங்களுக்கு என்ன, உங்கள் மச்சான் செந்தூர்வேலா?

வேறு வழியில்லாமல் அன்று மத்தியானம் இசக்கிச்செல்வியிடம் சொன்னார். அவள் சாளை மீனை அலசிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் பேரையா கொடுத்தீங்க?"

"பதட்டத்துல வந்துட்டு செல்வி."

"உங்க கூடப்பிறந்த தம்பி ஒருத்தரு ஏரல்ல இருக்காருல்லா, அவரு பேரு வாயில வரலையோ?"

"கோவப்படாத."

"டாக்டர்ட்ட போனதுக்கா கோவப்படுதேன்? போகச் சொன்னதே நான்தான். எங்கண்ணன் பேரைக் கொடுன்னு நானா சொன்னேன்?" அவள் மீன் கையோடு யோசித்தாள். "அண்ணன் அந்தத் தபாலை வாங்காட்டாப் போதும்லா? போனை எடுங்க."

போனில் அவள் குரல் தேனாக ஒழுகியது. "அண்ணே, சென்னையிலேந்து ரிஜிஸ்டர் தபால் ஒண்ணு வருதாம். எல்லாம் மோசடியாம். கையெழுத்துப் போட்டா பேங்க்ல உள்ளது பூராம் போயிருமாம். வந்தா வாங்காத."

செந்தூர்வேல் எதையும் ஒரு தடவையில் நம்புகிறவர் இல்லை. இதை மட்டும் உடனே நம்பினார். "ஆமாளா, நானும் கேள்விப்பட்டேன். உன் வீட்டுக்காரர்ட்டயும் கண்டிப்பா சொல்லிரு. வாங்கவே கூடாது."

இசக்கிச்செல்வி போனை வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோல மீனுக்கு மஞ்சள் தடவினாள்.

முடியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிற்று. அரை மணி நேரத்தில் வியாபாரிகள் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் செந்தூர்வேல் முழங்கினார். "அனைத்து வியாபாரப் பெருமக்களுக்கும் ஓர் எச்சரிக்கை! சென்னையிலிருந்து வரும் ரிஜிஸ்டர் தபாலை எவரும் கையால் தொட வேண்டாம்!" முந்நூறு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள்.

அதோடு நின்றிருந்தால் பாண்டித்துரை பிழைத்திருப்பார். சங்கத் தலைவர் பதில் போட்டார். "செயலாளர் சொன்னது சரி. ஆனால் வாங்காமல் விட்டால் திருடனைப் பிடிக்க முடியாது. தபால் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். சங்க உறுப்பினர்கள் எல்லாரும் கூடி நிற்க, வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்து, உரக்கப் படித்து, நேரே போலீசுக்குப் போவோம்."

அதற்கும் முந்நூறு கட்டைவிரல். செந்தூர்வேலின் விரல் மட்டும் இல்லை. அதை பாண்டித்துரை கவனிக்கவில்லை. அவர் அப்போது சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்தத் தெருவுக்குத் தபால் கொடுக்கிற பெனிஷாவை மறுநாள் காலையிலேயே டீக்கடைப் பக்கம் மறித்தார். பெனிஷா ஸ்கூட்டி இன்ஜினை அணைக்காமல் காலை ஊன்றினாள்.

"செந்தூர்வேல்னு ஒரு ரிஜிஸ்டர் தபால் வரும்மா. எங்க மச்சான்தான். என் கையில கொடுத்திரு, நான் சேத்திருதேன்."

"ரிஜிஸ்டர் தபாலு ஆளு கையிலதான் கொடுப்பேன்."

"நானும் அவரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணும்மா."

"ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்துக்கிடுங்க. கையெழுத்து ரெண்டுல்லா? இந்தச் சென்னைத் தபாலுக்கு என்னதான் பிடிச்சிருக்கோ, ஆளாளுக்கு உயிரை எடுக்கிய!" அவள் போயே போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு, யாரோ தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள். "செயலாளர் கடைக்குத் தபால் வந்துட்டு!"

பாண்டித்துரை கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரோடு ஓடினார். கருப்பட்டிக் கடை வாசலில் நாற்பது பேர். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள், தராசில் சரக்கை வைத்துவிட்டு வந்தவர்கள். சங்கத் தலைவர் போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் பெனிஷா, கையெழுத்து வாங்கிய சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். செந்தூர்வேல் கையில் பழுப்பு நிறத்தில் அந்த உறை.

"பிரிங்க செயலாளரே, ஊரே பாக்கட்டும்" என்றார் தலைவர்.

"இப்ப என்ன அவசரம்? சரக்கு எறங்குது. சாயங்காலம் பாத்துக்கிடுவோம்."

"நீங்களே பயந்தா எப்படி? கொண்டாங்க, நான் பிரிக்கேன்." தலைவர் உறையைப் பிடுங்கினார். "கத்திரிக்கோல் எங்க?"

பாண்டித்துரை மச்சானின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ரத்தம் இல்லை. இருபது வருடமாக இந்தத் தெருவில் சத்தமாகச் சிரித்த மனுஷன். இன்னும் ஒரு நிமிஷத்தில் அந்தக் காகிதத்தைத் தலைவர் உரக்கப் படிப்பார். நாற்பது பேரும் செந்தூர்வேலைத் திரும்பிப் பார்ப்பார்கள். செய்யாத ஒன்றுக்கு, போகாத ஒரு வாசலுக்கு, இவன் தலை குனிவான். எனக்காக!

தன் மானம் போகும் என்று ஆறு நாளாக நடுங்கிய மனிதருக்கு, இன்னொருவன் மானம் தன்னால் போகிறது என்றதும் நடுக்கம் நின்றுவிட்டது. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத, நல்ல, சூடான கோபம். ஓலையில் கட்டியிருந்த கருப்பட்டிச் சிப்பம் ஒன்றின்மேல் ஏறி நின்றார்.

"ஏய், அதைத் தொடாதீங்க! அது என் தபாலு!"

கூட்டம் திரும்பியது.

"மாப்ள, கீழ எறங்கும்" என்றார் செந்தூர்வேல்.

"எறங்க மாட்டேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அது மோசடியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. யதிராஜன் டாக்டரோட ஃபைலைப் பத்திரமா எடுத்து வைக்கதுக்கு, வைத்தியம் பாத்த ஆளுகிட்ட சம்மதம் கேக்காங்க. வைத்தியம் பாத்தது நான். பதிமூணு வருஷத்துக்கு முன்னால மூணு மாசம் நான் தூங்கல. கடையில உக்காந்து அழுதேன். ரிப்பேருக்கு வந்த போர்டுல கண்ணீர் விழுந்து ரெண்டு போர்டு ஷார்ட் ஆயிருக்கு. ஒண்ணு துறைமுகத்து ஆபீஸ் போர்டு. மின்னல் அடிச்சிட்டுன்னு பொய் சொன்னேன்."

பின்வரிசையில் ஒருவன் கிசுகிசுத்துச் சிரித்தான்.

"சிரிச்சவன் யாருலே? முன்னால வா! பல்வலின்னா பல் டாக்டர்ட்ட போறேல்ல? நீ வாயைக் காட்டுன, நான் மனசைக் காட்டுனேன். அந்த மனுஷன் இல்லைன்னா இன்னைக்கு என் கடை இருக்க இடத்துல ஒரு பரோட்டாக்கடை இருந்திருக்கும், என் பொண்டாட்டி என் படத்துக்கு மாலை வாங்கிட்டிருப்பா. நான் போனேன். மாத்திரை தின்னேன். தேறி வந்தேன். கிறுக்கன்னு சொல்லணும்னு ஆசையா இருந்தா கடைக்கு வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அப்புறம் உன் கம்ப்யூட்டரை எவன் பாக்கான்னு நானும் பாக்கேன்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தத் தெருவில் கம்ப்யூட்டர் இல்லாத கடை கிடையாது.

"ஒரே ஒரு தப்புதான் பண்ணினேன்." குரல் இறங்கியது. "என் பேரைச் சொல்லப் பயந்து மச்சான் பேரைக் கொடுத்துட்டேன். அந்தப் பட்டியல்ல 417-ஆம் நம்பர்ல செந்தூர்வேல்னு இருக்கும். அது நான். என் பேரு அதுல எங்கயுமே கிடையாது. மச்சான் அந்த வாசப்படியை மிதிச்சது கூட இல்ல. பேரைத் திருடினதுக்கு அவரு என்னை அடிக்கட்டும், நான் வாங்கிக்கிடுதேன். டாக்டர்ட்ட போனதுக்கு எவனும் வாயைத் திறக்கப்பிடாது."

சிப்பத்திலிருந்து இறங்கி, மச்சான் முன்னால் வந்து நின்று, கன்னத்தைக் காட்டினார்.

தலைவர் வீடியோவை நிறுத்திவிட்டு, உறையைப் பிரிக்காமலே பாண்டித்துரை கையில் கொடுத்தார். வழக்கமாகப் பார்த்தால் இந்நேரம் செந்தூர்வேலின் மைக்செட் திருச்செந்தூர் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு பாண்டித்துரையின் தோளைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தள்ளுவதுபோல மெதுவாகக் கடை வாசலிலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார்.

"சரி விடும் மாப்ள. நமக்குள்ள என்ன? பேருதான, போகட்டும். நீரு கடைக்குப் போம். எல்லாரும் போங்கய்யா, யாவாரத்தைப் பாப்போம். ஏம்மா தபாலு, நீயும் கெளம்பு, கெளம்பு."

அடி விழும் என்று காத்திருந்த பாண்டித்துரைக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இவ்வளவு நல்ல மனுஷனையா இத்தனை வருஷம் வாய்க்காரன் என்று நினைத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

பெனிஷா கிளம்பவில்லை. தோள்பையைத் திறந்து, அதே பழுப்பு நிறத்தில் இன்னோர் உறையை எடுத்து நீட்டினாள்.

"நில்லுங்க பாண்டித்துரை அண்ணாச்சி, உங்க பேருக்கும் அதே ஆபீஸ்லேந்து ஒண்ணு வந்திருக்கு, 'அதை மட்டும் எங்க மாப்ள கையில கொடுத்திராதம்மா'ன்னு இந்தா நிக்காரே இவருதான், மூணு நாளா தபாலாபீஸ் வாசல்ல என் காலைப் பிடிக்காத குறையா நிக்காரு."